வெட்டினவனுக்கு ஒரு விரல்

கோமதிசங்கர் எழுதினால் செத்தவன் எழுந்து உட்காருவான் என்று தென்காசி வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான். அறுபதாம் கல்யாணம், புதுவீட்டுப் பால்காய்ப்பு, அப்பாவின் நூறாவது பிறந்தநாள் என்று எதற்கெடுத்தாலும் குடும்ப வரலாறு அச்சடித்துக் கொடுக்கிற காலம் இது. முன்பு ஆல்பம் போட்டவர்கள் இப்போது கோமதிசங்கரைக் கூப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த மனுஷன், நன்றாக எழுதுவார், நன்றாகப் பொய்யும் சொல்லுவார். மூட்டை தூக்கிய தாத்தா இவர் கையில் நெல் வியாபாரி ஆகிவிடுவார். ஓடிப்போன அத்தை காசிக்குப் போயிருப்பாள். யாருக்கும் நஷ்டமில்லாத பொய்கள். "நீங்க தாரது வெறுஞ்சோறு. கொழம்ப நான்தான் ஊத்தணும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்.

அச்சன்புதூர் சுந்தரபாண்டி ஆள் அனுப்பியபோது அவருக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அந்தக் குடும்பத்தில் ஒரு கொலை இருந்தது.

செத்தவர் சுந்தரபாண்டியின் பெரியப்பா மந்திரமூர்த்தி. ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். தண்ணீர் முறைக்காகக் குளத்து மடையில் காவல் நின்றவரைப் பின்னாலிருந்து யாரோ வெட்டிப் போட்டார்கள். அப்படிச் செத்தவரை இந்தப் பக்கத்தில் சும்மா விடமாட்டார்கள், சாமியாக்கிவிடுவார்கள். விழுந்த இடத்திலேயே பீடம் கட்டி, பக்கத்தில் ஓர் அரிவாளைச் சார்த்தி வைத்து, வருஷா வருஷம் ஆடியில் கொடை என்று திருவிழா எடுக்கிறார்கள். வில்லுப்பாட்டில் அவர் கதை பிறப்பிலிருந்து வரும். ஆனால் வெட்டினவனுக்கு அந்தக் கதையில் பேர் கிடையாது. ஊரும் கிடையாது, உருவமும் கிடையாது. 'பாவி' என்று ஒரு வார்த்தையோடு புலவர் தாண்டிப் போய்விடுவார். பேரைச் சொன்னால் சாமி மறுபடியும் ரத்தம் கேட்கும் என்று அந்தக் காலத்திலேயே ஊர் கூடிப் பேசி வாயைக் கட்டிக்கொண்டது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, இப்போது மிச்சம் இருப்பவர் சுந்தரபாண்டி ஒருவர்தான்.

கோமதிசங்கர் அவரிடம் நயமாகவும் கேட்டுப் பார்த்தார், சுற்றி வளைத்தும் கேட்டுப் பார்த்தார்.

"பாவின்னே போடும் வே" என்றார் கிழவர். "பாடுதவன் எப்படிப் பாடுதானோ அப்படி."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் எழுத்து படுத்துக்கொண்டது. முகமில்லாத ஒருத்தன் வெட்டினால் படிக்கிறவனுக்கு எங்கே வலிக்கும்? காற்று வந்து வெட்டியதுபோல் அல்லவா இருக்கிறது? பாராவை அடித்தார், மறுபடி எழுதினார், மறுபடி அடித்தார். கடைசியில் எரிச்சலோடு குற்றாலத்துக்கு வண்டியை விட்டார். மண்டை சூடானால் அவருக்கு எண்ணெய்க்குளியல்தான் மருந்து, எண்ணெய் தேய்க்க சுப்புதான் ஆள்.

சுப்பு ஐந்தருவிப் பாதையில், தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு கல்மேடை வைத்திருந்தான். சீசன் வந்தால் காலையிலிருந்து அவன் கை ஓயாது. அவனுடைய இடது கையில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு விரல் உண்டு. பிறவியிலேயே வந்தது. "மத்தவன் அஞ்சு விரலால தேய்ப்பான், நமக்கு ஒண்ணு இனாம் அண்ணாச்சி" என்று சிரிப்பான். அன்றைக்குக் கோமதிசங்கர் குப்புறப் படுத்திருந்தபோது அந்த ஆறாவது விரல் முதுகெலும்பை ஒட்டித் தனியாக ஊர்ந்து வந்தது. அவருக்குச் சட்டென்று உடம்பு சிலிர்த்தது. பேர் சொல்லக்கூடாது, சரி. கை சொல்லலாமே!

அந்த இடத்தை ஒரே மூச்சில் எழுதினார்.

'முதல் வெட்டு பிடரியில் விழுந்தது. மந்திரமூர்த்தி திரும்பினார். திரும்பியவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். அரிவாளைப் பிடித்திருந்த இடது கையில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு விரல் முளைத்திருந்தது. இரண்டாம் வெட்டில் தோள் பிளந்தது. மூன்றாவது வெட்டுக்குக் கையைக் குறுக்கே கொடுத்தார். கை தண்ணீரில் விழுந்தது. அன்றைக்கு வயலுக்குப் போன தண்ணீர் சிவப்பாகப் போயிற்று. வந்தவன் குற்றாலத்து மலைப்பக்கம் திரும்பி நடக்குமுன் வாய்க்காலில் குனிந்து கையைக் கழுவினான். ஐந்து விரலில் ரத்தம் போயிற்று. ஆறாவது விரலில் போகவில்லை.'

எழுதி முடித்து, தன் எழுத்துக்குத் தானே கண் கலங்கினார். அச்சுக்குப் போகும் முன் சுந்தரபாண்டிக்கு வாசித்துக் காட்டியபோது கிழவர் தாள்களை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நல்லாருக்கு வே. இப்படியே இருக்கட்டும்" என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு கோமதிசங்கர் பூரித்துப்போனார்.

கொடை வந்தது. மதியக் கொடையில் புத்தகத்தை வெளியிட்டார்கள். வில்லுப்பாட்டுக்கு நடுவில் மைக்கை வாங்கி அந்த வெட்டுப் பக்கங்களைச் சத்தமாக வாசித்தவன் விஜய்பாண்டி, மந்திரமூர்த்தியின் சொந்தப் பேரன். இருபத்தேழு வயதுக்காரன், தென்காசியில் செல்ஃபோன் கடை வைத்திருக்கிறான். தாத்தாவை அவன் கல்லாகத்தான் பார்த்திருக்கிறான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் மனுஷனாக அவன் முன்னால் வெட்டுப்பட்டு விழுந்தார். 'கை தண்ணீரில் விழுந்தது' என்ற இடத்தில் நிறுத்தி, அதே வரியை மறுபடியும் வாசித்தான். பெண்கள் வாயில் முந்தானையை வைத்து அழுதார்கள். அந்த நேரம் பார்த்துக் கிடாயை வெட்டினார்கள். தலை ஒரு பக்கம் விழுந்து உடல் உதைத்துக்கொண்டிருக்க, ரத்தம் பீடத்துப் படியில் வழிந்தது. கோமதிசங்கருக்கு அந்தப் பொருத்தம் பிடித்திருந்தது. இப்படி ஒரு வெளியீட்டு விழா எந்த எழுத்தாளனுக்கு வாய்க்கும் என்று கூட நினைத்தார். அந்த நினைப்புக்காகப் பின்னால் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள விரும்பினார்.

பந்தியில் உட்கார்ந்து படைப்புச் சோற்றில் கைவைத்தபோது பின்னால் பேச்சுக் கேட்டது.

"ஆறு விரலு ரத்தத்துலயே வரும்லே. அப்பனுக்கு இருந்தா மவனுக்கு இருக்கும்." இது விஜய்பாண்டி.

"குத்தாலத்துல ஒருத்தன் இருக்கான்லா, ஐந்தருவிப் பாதையில எண்ணெ தேய்க்கவன்? எடது கைதான்." இது மாரிச்செல்வம், சுந்தரபாண்டியின் மகன். இருவரும் பங்காளிகள். பிறந்ததிலிருந்து ஒட்டிக்கொண்டே திரிகிறவர்கள்.

கோமதிசங்கர் எச்சில் கையோடு எழுந்து திரும்புவதற்குள் பைக் சத்தம் கேட்டது. பீடத்தைப் பார்த்தார். சார்த்தி வைத்திருந்த சாமி அரிவாளைக் காணவில்லை.

சுப்புவுக்கு ஃபோன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எண்ணெய்க் கையோடு அவன் எப்போது ஃபோனை எடுத்தான்? போலீசுக்குப் போட்டுச் சொன்னார். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். நேராகப் பந்தலின் மறுகோடிக்கு ஓடினார். சுந்தரபாண்டி அங்கே நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, பயலுவளத் தடுங்க. அந்த ஆறு விரலு நான் சும்மா சேத்தது. எனக்கு எண்ணெ தேய்க்க ஆளு கையப் பாத்து எழுதினது. அவனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"தெரியும்" என்றார் கிழவர்.

"தெரியுமா?"

"வெட்டினது எங்க அப்பா வே. வேல்சாமி." குரலைத் தாழ்த்தினாரே தவிர, முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "கூடப்பிறந்த அண்ணன வெட்டினாரு. ஒரு மடைத் தண்ணிக்கு. நான் சின்னப்பய, வரப்புல நின்னு பாத்தேன். குடும்பம் அழிஞ்சிரும்னுதான் ஊரு பேர மூடிச்சு."

கோமதிசங்கர் தன் ஃபோனை நீட்டினார். "அப்ப ஒரு ஃபோனப் போட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பானுவ."

"சொன்னா அந்த அரிவாளு எங்க வரும்? எம் மவன் கழுத்துக்கு வரும். ரெண்டு பேரும் ஒரே பைக்குலதான் போயிருக்கானுவ, பாத்தீருல்லா? ஒரே தட்டுல தின்னு வளந்ததுவ." கிழவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இத்தன வருஷமா எந்தப் பய கேப்பானோ, என்னைக்குக் கேப்பானோன்னு வயித்துல நெருப்பக் கெட்டிக்கிட்டு இருந்தேன். நீரு வந்து அந்தப் பாவிக்கு ஒரு கையக் குடுத்தீரு. என் வீடு தப்பிச்சுது. அத நான் கெடுக்கவா?"

"அந்த மனுஷனுக்கும் பிள்ள குட்டி இருக்கு அண்ணாச்சி!"

"எனக்கும் இருக்கு வே."

அதற்கு மேல் நின்று பேச நேரமில்லை. கோமதிசங்கர் ஸ்கூட்டரை எடுத்து இலஞ்சி வழியாக விரட்டினார். ஐந்தருவிப் பாதையில் சாரல் மழையும் சீசன் கூட்டமும். வேனும் ஆட்டோவும் முறுக்குக் கடையும் நனைந்த துண்டோடு ஜனமுமாக வழி அடைத்துக் கிடந்தது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். ஐம்பது தாண்டிய உடம்பு, சோறு தின்ற வயிறு, நெஞ்சு வாய்க்கு வந்தது.

கொட்டகைக்கு முன்னால் ஆட்கள் வட்டமாக விலகி நின்றார்கள். பாதி எண்ணெய் தேய்த்த உடம்போடு ஒருவர் துண்டைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். ஒருவன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சுப்பு மண்டியிட்டுக் கிடந்தான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியிருந்தது. மாரிச்செல்வம் அவன் முதுகில் முழங்காலைக் கொடுத்து, இடது கையை இழுத்துக் கல்மேடையில் அழுத்திப் பிடித்திருந்தான். எண்ணெயில் கை வழுக்க வழுக்க, ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்தான்.

"ஒங்க தாத்தன் பேரச் சொல்லுலே!" விஜய்பாண்டி சுப்புவின் விலாவில் மிதித்தான். "அவனுக்கும் ஆறு விரலுதான?"

"ஆமா சார்... ஆமா... அதுக்கு நான் என்ன செய்வேன் சார்..."

"ஏலே, விடுங்கலே!" கோமதிசங்கர் நடுவில் விழுந்தார். "நான் இட்டுக்கட்டினதுலே! ஆறு விரலும் பொய்யி, கை கழுவினதும் பொய்யி! எல்லாம் நான் எழுதினது!"

விஜய்பாண்டி அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, மரியாதைதான் இருந்தது. "பயப்படாதீங்க அண்ணாச்சி. ஒங்க பேரு கேஸ்ல வராது. நீங்க அந்தப் பக்கம் போங்க."

"ஒங்க தாத்தாவ வெட்டினது வேல்சாமிலே! இவன் தாத்தா! இந்தா இருக்கானே, மாரிச்செல்வத்துத் தாத்தா! அண்ணாச்சி இப்பதான், பந்தல்ல வச்சு, அவரு வாயாலயே... வரப்புல நின்னு பாத்தாராம்... தண்ணிக்காவ..."

உண்மையை அவர் அவ்வளவு மோசமாகச் சொன்னார். மூச்சு வாங்கியது, முன்னது பின்னதாக வந்தது, எச்சில் தெறித்தது. அதில் மடையும் இல்லை, சிவந்த தண்ணீரும் இல்லை. பொய்யை எத்தனை இரவு உட்கார்ந்து செதுக்கியிருந்தார்! உண்மைக்குக் கொடுக்க அவரிடம் ஒரு நல்ல வாக்கியம்கூட இல்லை.

மாரிச்செல்வம் பிடியை விட்டுவிட்டு எழுந்தான். எழுந்த வேகத்தில் தலையால் அவர் வாயில் முட்டினான். முன்பற்கள் இரண்டு உடைந்து நாக்கில் கிடந்தன. கீழே விழுந்தவரின் முகத்தில் இன்னொரு மிதி மிதித்தான். "எங்க தாத்தாவையா சொல்லுத? சோத்தத் தின்னுட்டு வந்து எங்க குடும்பத்துக்குள்ளயே மூட்டி விடுதியா?"

சுப்பு எழுந்து ஓடப் பார்த்தான். விஜய்பாண்டி அரிவாளின் பிடியால் முழங்காலில் அடித்து மறுபடியும் அவனைச் சாய்த்தான்.

"அப்பன்கிட்ட கேளுலே" என்று கோமதிசங்கர் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சொன்னார். "இப்பவே கேளு."

மாரிச்செல்வம் விஜய்பாண்டியைப் பார்த்தான். பிறகு ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "அப்பா, இந்த ஆளு தாத்தா பேரச் சொல்லுதாரு. நம்ம தாத்தாதான் வெட்டினாருன்னு. எதுப்பா நெசம்?"

அந்தப் பக்கத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது. கொடை இன்னும் நடந்துகொண்டிருந்தது. கோமதிசங்கர் தரையில் கிடந்தபடி, தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டார்.

"புஸ்தகத்துல என்ன போட்டுருக்கோ அதான்லே நெசம்" என்றார் சுந்தரபாண்டி. ஃபோன் நின்றது.

மாரிச்செல்வம் மறுபடியும் கையைப் பிடித்துக் கல்லில் வைத்தான். இந்தத் தடவை இறுக்கிப் பிடித்தான். சாமி அரிவாள் வருஷத்துக்கு ஒரு முறை எலுமிச்சம்பழம் மட்டும் குத்துகிற அரிவாள், சாணை பிடித்துப் பல காலம் ஆகியிருந்தது. அதனால் ஒரு வெட்டில் முடியவில்லை. முதல் வெட்டு எலும்பில் சிக்கி நின்றது. சுப்பு போட்ட சத்தத்தில் மேலே அருவியில் குளித்தவர்கள் திரும்பிப் பார்த்ததாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள். விஜய்பாண்டி அழுதுகொண்டே வெட்டினான். "தாத்தா, தாத்தா" என்று சொல்லிச் சொல்லி வெட்டினான். ஆறாவது விரலை மட்டும் எடுக்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறான். மழுங்கின அரிவாள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையின் ஓரமும் சேர்ந்து போயின. எண்ணெயும் ரத்தமும் மழைத்தண்ணீரும் கலந்து கொட்டகையிலிருந்து சாக்கடைக்கு ஓடியது. போலீஸ் வந்தபோது இருவரும் ஓடவில்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றார்கள்.

கோமதிசங்கர் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். வேல்சாமியைப் பற்றிச் சொன்னதற்கு, அரை நூற்றாண்டுக்கு முந்தின கதையைச் சாட்சியில்லாமல் என்ன செய்வது என்று கேட்டார்கள். சுந்தரபாண்டி வந்து, புத்தகம் தான் சொல்லச் சொல்ல எழுதியது என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊரில் புத்தகம் எனக்கு உனக்கு என்று பறந்தது. சுரண்டையிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டு, "அச்சன்புதூர் புஸ்தகம் மாதிரி எங்களுக்கும் விறுவிறுப்பா ஒண்ணு எழுதித் தாங்க" என்று கேட்டார். கோமதிசங்கர் ஃபோனைச் சுவரில் எறிந்து உடைத்தார்.

வீக்கம் வடிந்து, வாயைத் திறக்க முடிந்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போனார். சுப்புவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவன் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ள வேண்டும், அவன் பொண்டாட்டி அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

வார்டுக்குள் நுழைந்தபோது சந்தனமாரி கட்டிலோரம் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் புருஷனுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. சுப்புவின் இடது கை மணிக்கட்டுவரை கட்டுப்போட்டு ஒரு தலையணை மேல் கிடந்தது. அவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"வாங்க அண்ணாச்சி. என்னால ஒங்களுக்கும் பல்லு போச்சே."

கோமதிசங்கர் அவன் காலைப் பிடித்தார். "சுப்பு, அது பூரா பொய்யிலே. ஒங்க தாத்தா ஒண்ணும் செய்யல. ஒன் கையப் பாத்து நான் இட்டுக்கட்டினேன். ஒன் கைய நான்தான் வெட்டினேன்."

உடைந்த பல் வழியாகக் காற்றுப் போய், பாதி வார்த்தை குழறியது. சுப்பு வலது கையால் அவர் தோளைத் தொட்டான்.

"எனக்காவ பொய் சொல்லாதீங்க அண்ணாச்சி. எங்க தாத்தா அந்தக் காலத்துல அச்சன்புதூருக்குக் கதிரறுக்கப் போவாருன்னு எங்கப்பா சொல்லியிருக்கு. ஒருக்கா ராவோட ராவா திரும்பி வந்துட்டாராம். ஏன்னு யாருக்கும் தெரியாது. இவ வாசிக்கையிலதான் எனக்கு எல்லாம் பிடிபட்டுது." அவன் கண் நிறைந்தது. "எம் மூஞ்சிக்காவ நீங்க பேரப் போடாம விட்டுருக்கீங்க. அது ஒண்ணு போதும்."

"ஐயோ, இல்லலே! ஏம்மா, நீயாச்சும் நம்பு! நான் சொல்லுதது நெசம்!"

சந்தனமாரி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பாக்காமலா இப்படி எழுத முடியும் அண்ணாச்சி? படிக்கப் படிக்க வயித்தப் பெரட்டுது. அந்த மனுஷன் என்ன பாடு பட்டுச் செத்திருப்பாரு!" பிறகு, தலைமாட்டில் நின்ற மகளைக் காட்டினாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மங்களேஸ்வரி, யூனிஃபார்மோடு வந்திருந்தாள். இடது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி ஒளித்து வைத்திருந்தாள். "இவளுக்கும் அப்பன் மாதிரிதான். எடுத்துரலாம்னு டாக்டர்ட்ட கேட்டாச்சு. வெள்ளிக்கெழம செய்யுதாங்க."

"வேண்டாம்மா" என்றார் கோமதிசங்கர் அந்தப் பெண்ணிடம். கெஞ்சினார். "அந்த விரலு ஒண்ணும் செய்யல தாயி. மாமா சொல்லுதேன்லா, ஒண்ணுமே செய்யல."

மங்களேஸ்வரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துப்பட்டாவை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"எனக்கு இந்த விரலு வேண்டாம் மாமா" என்றாள். "எவ்வளவு கழுவினாலும் போகாதுன்னு போட்டுருக்கீங்கள்லா."